வலம்புரியும் இடம்புரியும்: கற்பூரத்தின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சூழ்ந்த ஆழங் குறைந்த கடலிற் சங்கு குளித்தல் நெடுங்காலத் தொழிலாகும். இக்கடலிலும் மன்னார்க் கடலிலும் எடுக்கப்பட்ட சங்குகள் வங்காளத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே வளையல்களாக அறுக்கப்பட்டன. ஆயிரமாயிரமாகக் கரைசேரும் சங்குகள் யாவும் ஒரே திசையிற் சுருண்டவை. மிக அரிதாக, எதிர்த்திசையிற் சுருண்ட ஒன்று அகப்படும். அதுவே வலம்புரி. நிறையாலோ நிறத்தாலோ அது வேறுபட்டதன்று. சுருளின் திசையொன்றே அதனை விலைமதிப்பற்றதாக்கிவிடுகிறது. இடம்புரியை எப்படித் திருப்பிப் பிடித்தாலும் அது வலம்புரியாவதில்லை. கண்ணாடியில் மாத்திரமே ஒன்று மற்றொன்றாகத் தோன்றும்.

மூலக்கூறுகளுள்ளும் இவ்வாறு வலம்புரி, இடம்புரி உண்டு என்பதை மனிதன் அறிந்து கொண்டது 19ஆம் நூற்றாண்டிலேயாம். அறிந்ததன்மேல், வேண்டிய புரியை மட்டும் ஆக்கிக்கொள்ளும் வல்லமையைப் பெறுவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டு சென்றது. இந்த வரலாற்றை எழுதும் மேலைநாட்டார் பெரும்பாலும் திராட்சை இரசத்திலிருந்து தொடங்குவர். நம்மவர்க்கு அதனினும் அணுக்கமான பொருள் ஒன்று உண்டு. அது நாள்தோறும் நம் கோயில்களில் எரிந்து, எச்சமின்றி மறையும் கற்பூரம். கற்பூரத்தின் மூலக்கூறு ஒரு வளையம், புரியுடைய வளையம். அதன் வரலாற்றைக் கலைப்பீட மாணவன் ஒருவன் எழுதப் புகுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் ஒரு பண்டத்தின் வரலாறு அதனை விற்ற வணிகனோடும் அதனை எரித்த அடியவனோடும் முடிந்துவிடுவதில்லை. அதனை ஆக்கக் கற்றவனும் அவ்வரலாற்றுக்கு உரியவனே.

தமிழர் அறிந்த பழங்கற்பூரம் கடல்கடந்து வந்தது. சுமாத்திராவின் மேற்குக் கரையில் உள்ள பாருஸ் என்னும் துறை அதற்குப் பேர்போனது. மலாய் மொழியில் உயர்ந்த கற்பூரத்துக்கு 'காப்பூர் பாருஸ்' என்றே பெயர். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதியைப் பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அங்குக் கிடைத்த கற்பூரம் பொன்னுக்கு நிறை பொன்னாக விற்கப்பட்டதாகக் கூறுகிறார். பாருசுக்கு அருகே லோபு துவா என்ற இடத்தில் 1873 இல் ஒரு தமிழ்க் கல்வெட்டு கண்டெடுக்கப்பட்டது. சக ஆண்டு 1010, அதாவது கி. பி. 1088 இல் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் எனும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. கப்பலிற் பண்டத்தோடு வருவோர் கஸ்தூரியின் விலையை ஒட்டிப் பொன்னாகக் கட்டணம் செலுத்த வேண்டுமென்று அவர்கள் தம்முள் முடிவு செய்ததை அது கூறுகிறது. 1932 இல் நீலகண்ட சாஸ்திரியார் இதனைப் பற்றி எழுதிய கட்டுரை நம் வரலாற்று மாணவர் பலரும் அறிந்ததே. இதே ஐந்நூற்றுவர் ஈழத்தில் பதவியாவிலும் வாகல்கடையிலும் கல்வெட்டுகளை விட்டுச் சென்றுள்ளனர். ஆகவே கற்பூரத் துறைக்கும் ஈழத்துக்கும் இடையே ஒரே வணிகரின் கால்கள் நடந்தன என்பது வெறும் ஊகமன்று.

இங்கு ஒரு வேறுபாடு நோக்கற்பாலது. பாருஸ் கற்பூரம் தென்கிழக்காசியக் காடுகளில் வானளாவ வளரும் ஒரு மரத்தின் உட்பிளவுகளிற் படிந்திருப்பது. அதனைப் பெற மரத்தை வீழ்த்திப் பிளக்க வேண்டும். பச்சைக் கற்பூரம் எனப் போற்றப்பட்டது இதுவே. சீனம், யப்பான், தைவான் ஆகிய நாடுகளின் கற்பூரமோ கறுவாவின் இனத்தைச் சேர்ந்த வேறொரு மரத்தின் கட்டையைச் சீவி, நீராவியில் வடித்தெடுப்பது. இரசாயன நோக்கில் முன்னையது போர்ணியோல், பின்னையதே கற்பூரம். பிரெஞ்சுக்காரரான பெலூஸ் 1840 இல் முன்னையதை ஒட்சியேற்றிப் பின்னையதைப் பெற்றுக் காட்டினார். தொடர்பற்ற இரு குடும்பங்களைச் சேர்ந்த மரங்கள், ஆயிரங் காதம் அப்பாற்பட்ட காடுகள். எனினும் இரண்டும் தருவது ஒரே புரியையே. எதிர்ப்புரிக் கற்பூரமும் இயற்கையில் இல்லாமலில்லை. ஐரோப்பியப் பூண்டு ஒன்றில் அது காணப்படுகிறது. ஆனால் நம் மூதாதையர் கடல் கடந்து கொணர்ந்து எரித்த கற்பூரம் முழுவதும் ஒரே கையினது.

'கை' என்பதனை அறிவது எங்ஙனம்? ஒளியைக்கொண்டே அது முதன்முதலில் அறியப்பட்டது. ஒளியலைகளை ஒரே தளத்தில் மட்டும் அதிரச் செய்து ஒரு திரவத்தினூடு செலுத்தினால், சில திரவங்களில் அத்தளம் ஒரு பக்கமாகத் திரும்பிவிடுகிறது. 1815 இல் பாரிசில் பியோ என்பார் கற்பூரத் தைலம் என்று நம்மூரில் மயங்கிக் கூறப்படும் தேப்பந்தைலத்திலும், அல்ககோலிற் கரைத்த கற்பூரத்திலும் இதனைக் கண்டார். பளிங்கில் இத்தகைய திருப்பம் முன்னரே அறியப்பட்டிருந்தது. அது பளிங்கின் அடுக்கமைவால் விளைவது. திரவத்திலோ அடுக்கு எதுவும் இல்லை. ஆகவே திருப்புவது மூலக்கூறே என்பது பெறப்படும். மூலக்கூறின் உருவத்தை எவரும் எண்ணிப்பாராத காலத்தில் கற்பூரம் அதன் உருவத்தைப் பற்றிச் சான்று பகர்ந்துவிட்டது. இயற்கைக் கற்பூரம் ஒளியை வலப்புறம் திருப்பும். அளவு ஏறத்தாழ 44 பாகை.

அடுத்த படியை வைத்தவர் லூயி பாஸ்ரர். நம் வீட்டுப் புளியிலும் திராட்சையிலும் உள்ள தாத்தாரிக்கமிலம் ஒளியைத் திருப்புவது. ஆயின் வைன் தொழிற்சாலைகளிற் கிடைத்த மற்றோர் அமிலம் எல்லாவகையாலும் அதனை ஒத்திருந்தும் ஒளியைத் திருப்பவில்லை. 1848 இல், 25 வயதினராய பாஸ்ரர், அவ்விரண்டாம் அமிலத்தின் உப்பொன்றைப் படிகமாக்கி உருப்பெருக்கியின்கீழ் நோக்கினார். படிகங்கள் இரு வகையாயிருந்தன. ஒன்று மற்றொன்றின் ஆடியுரு. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பிரித்துத் தனித்தனியே கரைத்தபோது ஒன்று வலமாகவும் மற்றது இடமாகவும் ஒளியைத் திருப்பின. முதியவராகிவிட்ட பியோ இதனை நம்பாது, தம் கண்முன்னே மீண்டும் செய்யுமாறு பணித்துப் பார்த்த பின்னரே ஏற்றுக்கொண்டார். சங்குக் குவியலிலிருந்து வலம்புரியைப் பொறுக்குவதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. ஆக்கப்பட்ட கலவையிலிருந்து வேண்டியதைப் பொறுக்கி மற்றதை ஒதுக்குவதே அன்றைய ஒரே வழி. சரிபாதி விரயம்.

உருவம் ஏன் இரண்டாகிறது என்பதற்கு விடை 1874 இற் கிடைத்தது. அவ்வாண்டு செப்ரெம்பரில் 22 வயதுடைய வான்ற் ஹொவ் என்ற ஒல்லாந்த இளைஞர் ஒரு சிறு பிரசுரத்தை வெளியிட்டார். இரு மாதங்களின்பின் லெ பெல் என்ற பிரெஞ்சுக்காரர் தனியே அதே முடிவுக்கு வந்தார். காபன் அணுவின் நான்கு கைகளும் ஒரு தளத்திற் பரந்து கிடப்பன அல்ல. நான்முகி ஒன்றின் நான்கு மூலைகளை நோக்கி நீள்வன. அந்நான்கிலும் வெவ்வேறு கூட்டங்கள் இணையுமாயின் அவ்வமைப்புக்கு இரு ஆடியுருக்கள் உண்டு. இதுவே அவர்கள் கண்டது. லைப்சிக் பேராசிரியர் கோல்பே 1877 இல் இதனைக் கடுமையாக எள்ளி நகையாடினார். மிருக வைத்தியப் பாடசாலை ஒன்றில் வேலைபார்க்கும் ஓர் இளைஞன் இரசாயனத்தின் உண்மை ஆய்வை விட்டுக் கற்பனைக் குதிரையேறிப் பறக்கிறான் என்பது அவர் வசையின் சாரம். இரசாயனத்துக்கான முதலாவது நோபல் பரிசு 1901 இல் அளிக்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் அந்த இளைஞரே. கோல்பே அதனைக் காண உயிரோடிருக்கவில்லை.

இக்காலப்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது என்ன? இக்கேள்வி வலிந்து புகுத்தப்பட்டதன்று. பாஸ்ரர் பிறந்த 1822 ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் வூஸ்ரர் நகரிற் பிறந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். அமெரிக்க மிசன் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, பாஸ்ரர் படிகம் பொறுக்கிய அதே 1848 இல் மானிப்பாயில் வைத்திய வகுப்பைத் தொடங்கினார். இடையில் தாயகம் சென்று மீண்ட பின்னர், 1864 முதல் அவ்வகுப்பைத் தமிழிலேயே நடாத்தினார். அங்காதிபாதம், இரண வைத்தியம், மனுஷ சுகரணம் என அவரும் அவர் மாணவரும் தமிழாக்கிய நூல்கள் பல. அவ்வரிசையில் 1875 இல் வெளிவந்ததே 'கெமிஸ்தம்'. சாப்மன், சுவாமிநாதன் என்னும் மாணவர்கள் மொழிபெயர்க்கக் கிறீன் பார்வையிட்ட நூல் அது. 1873 இல் அவர் மானிப்பாயை விட்டுச் சென்றுவிட்டாராயினும் வூஸ்ரரிலிருந்தே தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார்.

வான்ற் ஹொவ்வின் பிரசுரம் வந்த மறு ஆண்டிலேயே தமிழில் ஒரு முழு இரசாயன நூல் அச்சேறியது என்பது சிறிய செய்தியன்று. ஆனால் அந்நூலில் நான்முகிக் காபனைத் தேடுவது வீண். அதன் மூலம் வெல்ஸ் என்ற அமெரிக்கரின் பாடநூல். 1858 இல் முதலில் வெளிவந்தது. மூலநூலாசிரியர் அறியாததை மொழிபெயர்ப்பாளர் தருதல் இயலாது. மேலும், கோல்பே போன்ற பெரும் பேராசிரியர் நகைத்துக்கொண்டிருந்த ஒரு கொள்கையை அமெரிக்கப் பாடசாலைகளிலேயே அன்று எவரும் கற்பிக்கவில்லை. எனவே கெமிஸ்தம் காலத்துக்குப் பிந்தியது என்று குறைகூறுவோர் காலத்தைச் சரியாகக் கணிக்கவில்லை என்றே கூற வேண்டும். இழப்பு வேறிடத்தில் உள்ளது. கெமிஸ்தத்துக்குப் பின் அதனைப் புதுக்கி எழுத வேண்டிய அடுத்த தலைமுறைக்கு அதற்கான வகுப்பறை இல்லாது போயிற்று. உத்தியோகமும் உயர்கல்வியும் ஆங்கிலத்தின் வாயிலாகவே என்ற நிலை உறுதிப்பட்டபோது தமிழில் இரசாயனம் கற்பதற்கான சமூகத் தேவை அற்றுவிட்டது. நூல் அழிந்ததனால் மரபு அறவில்லை. மரபு அறுந்ததனாலேயே நூல் அரும்பொருளாயிற்று.

கிறீனின் சொல்லாக்க முறையை இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். முதலில் தமிழில் வழங்கும் சொல்லைத் தேடுதல்; இல்லையேல் வடமொழியிற் பெறுதல்; இரண்டும் இயலாவிடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழோசைக்கு இசைய எழுதுதல். இம்முறைப்படி திண்ம இரசாயனம் தமிழுக்கு வந்திருப்பின் முதற்படியிலேயே சொல் கிடைத்திருக்கும். மானிப்பாயிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள கடற்கரையில் அச்சொற்கள் வழங்கின: வலம்புரி, இடம்புரி. ஆங்கிலேயர் கிரேக்க மொழியில் 'கை' எனும் சொல்லை நாடிச் சென்று ஆக்கிய பெயரைவிட இவை பொருத்தமானவை. கைக்குச் சுருள் இல்லை, சங்குக்கு உண்டு.

இதில் ஒரு சிக்கலும் உண்டு, அச்சிக்கலும் பயன்தருவதே. நம்மவர் வலம்புரி என்பதை விலங்கியலார் இடப்புறச் சுருள் என்பர். சங்கின் நுனியை மேனோக்கிப் பிடிப்பதா கீழ்நோக்கிப் பிடிப்பதா என்பதனால் வந்த மாறுபாடு இது. மூலக்கூற்றிலும் இதே கதைதான். 1891 இல் எமில் பிஷர் வெல்லங்களின் உருவை வரைந்தபோது, இரு ஆடியுருக்களுள் எது எது என அறியும் வழியின்றி ஒன்றைத் துணிந்து தெரிந்துகொண்டார். 1951 இல் பைவூற் என்ற ஒல்லாந்தர் எக்ஸ் கதிர்களைக்கொண்டு தாத்தாரிக்கமில உப்பொன்றின் உண்மையான உருவைக் கண்டபோது பிஷரின் துணிபு சரியாயிற்று. அறுபது ஆண்டுகள் இரசாயன உலகம் ஒரு நாணயச் சுண்டலின்மேல் நின்றிருந்தது எனலாம்.

மீண்டும் கற்பூரத்துக்கு வருவோம். அதன் மூலக்கூற்றில் 10 காபன், 16 ஐதரசன், 1 ஒட்சிசன் அணுக்கள் உள. அவை எவ்வாறு இணைந்துள்ளன என்பதைப் பலர் பலவாறு எழுதி வாதிட்டனர். 1893 இல் பிறெற் என்ற யேர்மனியர் சரியான அமைப்பைத் தந்தார். ஆறு காபன்களாலான ஒரு வளையம். அதன் எதிரெதிரான இரு மூலைகளைக் குறுக்கே இணைக்கும் ஒரு காபன் பாலம். பாலத்தின் இரு முனைகளும் புரியுடைய காபன்கள். பொதுவிதிப்படி இரு புரிக் காபன்கள் இருப்பின் நான்கு உருக்கள் தோன்றலாம். கற்பூரத்திலோ இரண்டே உண்டு. காரணம் எளிது. பாலம் ஒரு முனையில் வளையத்தின் மேற்பக்கத்திலும் மறுமுனையில் கீழ்ப்பக்கத்திலும் ஊன்றுதல் இயலாது. ஒரு முனை எப்பக்கமோ மறுமுனையும் அப்பக்கமே. வளையம் தன் உருவத்தாலேயே தன் புரிகளை ஒன்றோடொன்று கட்டிவைத்திருக்கிறது. திறந்த சங்கிலி மூலக்கூறு தளர்ந்த கயிறுபோல எப்படியும் முறுகும். வளையம் அங்ஙனம் இடங்கொடாது. பின்வந்தோர் புரியைக் கட்டுப்படுத்தக் கற்றது வளையத்தின் இந்தப் பிடிவாதத்தைப் பயன்படுத்தியே.

அறிவின் வளர்ச்சியோடு சந்தையின் நெருக்கமும் சேர்ந்துகொண்டது. 1870 இல் அமெரிக்காவில் ஹயற் சகோதரர்கள் கற்பூரத்தைச் சேர்த்துச் செலுலோயிட் ஆக்கும் முறைக்கு உரிமம் பெற்றனர். சீப்பு, பொத்தான், பிற்காலத்திற் சினிமாச் சுருள் என யாவும் கற்பூரத்தை வேண்டி நின்றன. 1895 இல் தைவானைக் கைப்பற்றிய யப்பான் 1899 இல் அங்குக் கற்பூரத்தை அரசின் ஏகபோகமாக்கியது. கற்பூர மரம் நின்ற மலைக்காடுகள் அத்தீவின் ஆதிக்குடிகளின் நிலம். அக்காடுகளுக்காக நடந்த போர்களில் அவர்களுள் பலர் அழிந்தனர். நம் தீபத்தட்டின் பின்னாலும் ஒரு குடியேற்றவாத வரலாறு உண்டு என்பதை மறத்தலாகாது. ஏகபோகத்தால் விலை ஏற, ஐரோப்பியர் கற்பூரத்தைத் தாமே ஆக்கும் வழிகளைத் தேடலாயினர்.

கற்பூரிக்கமிலத்திலிருந்து கற்பூரத்தை மீட்கும் வழியைப் பிரான்சில் ஹலேர் 1896 இற் காட்டியிருந்தார். 1903 இல் பின்லாந்தின் கொம்பா அக்கற்பூரிக்கமிலத்தை எளிய பொருள்களிலிருந்து கட்டியெழுப்பினார். மரமின்றிக் கற்பூரம்! ஆனால் கொம்பா பெற்றது ஒளியைத் திருப்பவில்லை. புரியற்ற பொருளிலிருந்து புரியற்ற கருவிகளால் ஆக்கும்போது வலமும் இடமும் சரிபாதியாகவே விளையும். ஒன்றை மற்றதினும் விரும்புவதற்கு அங்கு ஏதும் இல்லை.

தொழிற்சாலைகள் கொம்பாவின் நீண்ட வழியைப் பின்பற்றாது, பைன் மரத் தேப்பந்தைலத்திலுள்ள பைனீனிலிருந்து தொடங்கின. இங்குதான் கதையின் மிகச் சுவையான பகுதி அமைகிறது. பைனீன் புரியுடையது, பிரெஞ்சுத் தைலம் ஒருபுறமும் அமெரிக்கத் தைலம் மறுபுறமும் ஒளியைத் திருப்பும். ஆகவே ஒரே புரியிலிருந்து தொடங்கினால் ஒரே புரியில் முடியவேண்டுமல்லவா? முடிவதில்லை. பைனீன் அமிலத்தினால் கம்பீனாக மாற, கம்பீன் மேலும் மாறிக் கற்பூரமாக வேண்டும். அமிலத்தில் கம்பீனின் காபன் எலும்புக்கூடு இடைவிடாது குலைந்து மீளக் கூடுகிறது. சிலபோது தன் ஆடியுருவாகவே கூடிவிடுகிறது. வழியிலேயே புரி கரைந்து போகிறது. மரத்தை விட்டுத் தொழிற்சாலைக் கற்பூரத்துக்கு உலகம் மாறியபோது கோயில் தட்டிலும் இம்மாற்றம் ஓசையின்றி நிகழ்ந்தது. பாருசிலிருந்து வந்ததும் சீனத்திலிருந்து வந்ததும் ஒரே புரியின. கடைகளில் இன்று வில்லையாக விற்கும் செயற்கைக் கற்பூரம் இரண்டும் கலந்தது. சுடர் வேறுபாடு காட்டவில்லை. எரிதலில் இரு புரியும் ஒரே வெப்பம், ஒரே ஒளி. காற்றின் ஒட்சிசனுக்குக் கை இல்லை.

ஆயின் உயிருக்குக் கை உண்டு. புதினாவின் மணத்தையும் சதகுப்பையின் மணத்தையும் எவரும் ஒன்றென மயங்கார். இவ்விரு மணத்துக்கும் காரணம் கார்வோன் என்ற ஒரே வளைய மூலக்கூறு. புதினாவில் ஒரு புரி, சதகுப்பையில் மறுபுரி. இரண்டையும் தூய்மையாக்கி முகர்ந்தும் மணம் வேறாகவே இருப்பது 1971 இல் ஐயமற நிறுவப்பட்டது. மூக்கினுள் இருக்கும் ஏற்பிகளே புரியுடையவை. இடக்கையுறையில் வலக்கை புகாததுபோல அவை தமக்குரியதையே ஏற்கும். மருந்துகளில் இது மணத்தோடு நிற்பதில்லை. 1950களின் பிற்பகுதியில் விற்பனைக்கு வந்து, ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவயவக் குறைபாட்டோடு பிறக்கக் காரணமாகி 1961 இல் மீளப் பெறப்பட்ட தலிடோமைட்டும் புரியுடைய வளையமே. ஒரு புரியை மட்டும் கொடுத்திருந்தால் இடர் நேர்ந்திராது என்று பலரும் எழுதுவது சரியன்று; உடலினுள் அதன் ஒரு புரி மற்றதாக மாறிவிடுகிறது. எனினும் புரிகளைத் தனித்தனியே ஆய வேண்டும் என்ற விழிப்பை அக்கொடுமை வலுப்படுத்தியது.

இனி, கட்டுப்படுத்தும் கலை. இதில் கற்பூரமே ஆசானாயிற்று. கற்பூரத்தை ஐதரசனேற்றி அற்ககோலாக்கினால் இரு விளைவுகள் வரலாம். ஆய்வுகூடத்தில் இலிதியம் அலுமினியம் ஐதரைட்டால் தாழ்த்தும்போது பெரும்பகுதி ஒன்றாகவே விளைகிறது. அது பாருஸ் மரம் தரும் போர்ணியோல் அன்று, ஐசோபோர்ணியோல். வளையத்தின் மேலுள்ள பாலத்தில் இரு மெதயில் கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று ஒரு பக்கத்துக்குக் கூரைபோற் கவிந்து நிற்கிறது. வரும் ஐதரசன் கூரையை மோதாது மறுபக்கத்தால் நுழைகிறது. தாக்கம் நிகழும் திசையை வளையத்தின் உருவமே ஆணையிடுகிறது. வளையங்கள் தட்டையானவை அல்ல, மடிந்து நிற்பன என்ற உண்மையைக் கொண்டு இத்தகைய ஆணைகளை முன்கூட்டியே கணிக்கும் முறையைப் பாற்றன் 1950 இல் வகுத்தார். அதற்கு முன்னோடியான ஹசலோடு 1969 இல் நோபல் பரிசையும் பகிர்ந்தார்.

பிறவற்றின் புரியைப் பிரிக்கவும் கற்பூரம் கருவியாயிற்று. 1899 இல் வில்லியம் போப் என்பார் (திருவாசகத்தை மொழிபெயர்த்த போப் ஐயர் வேறு) பீச்சியோடு சேர்ந்து, இயற்கைக் கற்பூரத்திலிருந்து பெற்ற கற்பூரச் சல்போனிக்கமிலத்தால் புரியுடைய நைதரசன் சேர்வையொன்றைப் பிரித்தெடுத்தார். ஒரு கையைக் குலுக்குவதற்கு வலக்கையை நீட்டினால் எதிரிலிருப்பவரின் வலக்கை இசையும், இடக்கை இசையாது. அவ்வாறே ஒரு புரி அமிலத்தோடு சேர்ந்த இரு உப்புகளும் கரைதிறனில் வேறுபட்டுப் பிரிந்துவிடும். பாஸ்ரரின் இடுக்கிக்கு இனி வேலையில்லை.

இவ்வரலாற்றில் மிகப் பெரிய வளையம் விற்றமின் பி12 இனுடையது. அதன் வளைய ஓரத்தில் மட்டும் ஒன்பது புரி மையங்கள். ஒன்று பிசகினும் மூலக்கூறு அதுவன்று. ஹாவாட்டில் வுட்வேட்டும் சூரிச்சில் எஷன்மோசரும், நூறு வரையிலான துணை ஆய்வாளர்களோடு பத்தாண்டுக்கு மேல் உழைத்து அதனைக் கட்டினர். அவர்கள் வளையத்தின் ஒரு பகுதிக்குத் தொடக்கப் பொருளாக எடுத்தது கற்பூரத்தையே. இயற்கை ஏற்கெனவே பிழையின்றி அமைத்துவைத்த புரியைக் கடன்வாங்கி அதன்மேல் மற்றவற்றைக் கட்டுதல் என்பதே அவர்கள் உபாயம். இவ்வாக்கத்தைப் பற்றி வுட்வேட் விரித்துரைத்த புகழ்பெற்ற சொற்பொழிவு 1972 இல் புதுடில்லியில் நடைபெற்ற இயற்கைப் பொருள் இரசாயன மகாநாட்டில் நிகழ்ந்தது.

கடன்வாங்காது, புரியற்ற பொருளைச் சிறிதளவு புரியுடைய ஊக்கியால் நெறிப்படுத்தல் அடுத்த கட்டமாகும். புரோலீன் என்ற சாதாரண அமினோ அமிலத்தைச் சிறிது சேர்த்து, புரியற்ற சேர்வையொன்றைப் பெரும்பாலும் ஒரே புரியுடைய இரட்டை வளையமாக மூடச் செய்யலாம் என்பதை ஹயோசும் பறிஷும் 1974 இல் வெளியிட்டனர். வான்ற் ஹொவ்வின் பிரசுரத்துக்குச் சரியாக நூறாண்டு. இதன் முழுப்பொருளை உலகம் உணர இன்னும் கால்நூற்றாண்டு எடுத்தது. 2000 இல் லிஸ்ற், மக்மிலன் ஆகியோர் இவ்வழியைப் பொதுநெறியாக்கி 2021 இல் நோபல் பரிசு பெற்றனர். இதற்கிடையில் யப்பானில் நொயோரி, புரியுடைய உலோக ஊக்கியால், எட்டு உருக்களை உடையதாகக்கூடிய மென்தோலின் வேண்டிய ஓர் உருவை ஆலைமுறையில் ஆக்கும் வழியை 1980களில் நிலைநாட்டினார். தலைவலிக்குப் பூசும் தைலத்தின் குளிர்ச்சி அவ்வோர் உருவினுடையது. அவருக்கு நோல்ஸ், ஷாப்லெஸ் என்போரோடு 2001 இல் நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1974 இலேயே யாழ்ப்பாணத்துக்குப் பல்கலைக்கழக வளாகம் கிடைத்தது. கலைத்துறை திருநெல்வேலியில் பரமேசுவராக் கல்லூரி அமைந்த இடத்தில் தொடங்க, விஞ்ஞானத்துறை தொடக்கத்தில் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி வளவில் இயங்கியது. அமெரிக்க மிசனின் வட்டுக்கோட்டைச் செமினரி 1823 முதல் 1855 வரை இருந்த அதே நிலம் அது. உயர்தர வகுப்பில் நம் மாணவர் எதிருருச் சமபகுதியம் முதலியவற்றைத் தமிழிலேயே கற்கின்றனர். சமச்சீரற்ற காபனைத் தமிழிலேயே விளக்கிப் பரீட்சை எழுதிப் புள்ளி பெறுகின்றனர். விஞ்ஞான பீடத்தின் வாசலைக் கடந்ததும் அப்பாடம் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறது. பன்னாட்டு ஆய்விதழ்களைப் படிப்பதற்கு ஆங்கிலம் தேவை என்பதை மறுப்பார் இலர்; நானும் மறுக்கவில்லை. ஆனால் மேலே கூறிய நூறாண்டுக் கதையை, அதாவது பாற்றனின் மடிந்த வளையத்தையும் நொயோரியின் ஊக்கியையும், தமிழிற் சொல்ல முடியாது என்று கூறுவோர் கெமிஸ்தத்தின் ஓர் இதழையேனும் புரட்டிப் பார்த்தவரல்லர். வேண்டுவது, உயர்தர வகுப்பு நூல் முடியும் இடத்திலிருந்து தொடங்கி, வளைய மூலக்கூறுகளின் புரியைப் பற்றித் தமிழில் ஒரு பாடநூல். அதனை எழுதும் தகுதியுடையோர் இவ்வளாகத்திலேயே உள்ளனர். அந்நூலின் முதலாம் அதிகாரத்தில் செய்முறையாக, கடையில் வாங்கிய கற்பூர வில்லையொன்றையும் மரத்திலிருந்து வடித்த கற்பூரத்தையும் தனித்தனியே அற்ககோலிற் கரைத்து முனைவாக்கமானியில் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். மரக் கற்பூரத்துக்குக் காட்டி வலப்புறம் நகரும். கடைக் கற்பூரத்துக்கு ஏறத்தாழப் பூச்சியத்திலேயே நிற்கும்.